அறையொலி

படத்தில் சாமியாராக நடித்தவனுக்கு
அப்பத்தை உயர்த்தத் தெரியவில்லை.
கோப்பை வென்ற கால்பந்துக்காரன் மாதிரி தூக்கினான்.
அதனால் அந்த ஊர்ப் பாதிரியாரையே அழைத்தோம்.
பெலார்மினோ. வயது எழுபத்தொன்று.
பால் கறந்த கையோடு வந்திருந்தார்,
ரப்பர் பூட்ஸில் சாணம்.

அசோரஸில் ஒரு தீவு. ஜூன் மாதம்.
வெளியே நீலப்பூ வேலிகளை
ஒவ்வொன்றாகத் தின்றபடி மூடுபனி.
உள்ளே எங்கள் விளக்குச் சூட்டில்
ஏற்றாத மெழுகுவர்த்திகளும் வளைந்து நின்றன.

என் வேலை ஒலி.
மற்றவர்கள் பார்ப்பதை நான் கேட்பேன்.
அங்கியைச் சற்று விலக்கச் சொல்லி
அவர் நெஞ்சில் மைக் பொருத்தினேன்.
"ஏதாவது பேசுங்கள், பாத்ரே."
"என்ன பேச?"
"எதையாவது. ஒன்று, இரண்டு, மூன்று,
கேட்கிறதா, அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்."
சொன்னார்.
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.
பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மகிழ்ந்துபோனார்.

பிறகு உயர்த்திக் காட்டினார்.
அப்படியொன்றும் உயரமில்லை.
பிள்ளையின் ஜுரம் எவ்வளவென்று
வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பவர் போல.

"பிரமாதம்" என்றாள் இயக்குநர் லியோகாதியா.
நடிகனிடம் திரும்பி,
"இதில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் சேர்."
"எவ்வளவு?" என்றான் அவன்.
பெலார்மினோவும் அவள் பக்கம் திரும்பி
அந்தப் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மதியம். எல்லாரும் சூப்புக்குப் போனார்கள்.
நான் வாசலில் வேனுக்குள்,
ஹெட்போனைக் கழற்றச் சோம்பல்.
மைக்கைக் கழற்ற அவருக்கு மறந்திருந்தது.
அலமாரிக் கதவு. இருமல். பூட்ஸ்.
நற்கருணைப் பேழைக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்,
முழங்கால் சொடுக்கிய ஓசை,
காய்ந்த சுள்ளி ஒடிந்தது போல.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
மூச்சு. துணி உரசல்.
பிறகு, சத்தியமாக அது ஜெபம் இல்லை:

ஒன்று.
இரண்டு.
மூன்று.
கேட்கிறதா?

என் கட்டைவிரல் தானாக உயர்ந்தது
வேனுக்குள்,
யாரும் பார்க்காத இடத்தில்.

நான் ஞானஸ்நானம் பெறாதவள்.
அல்மாடா கப்பல்கட்டும் தளத்தில் என் அப்பா கட்சிக்காரர்,
கோயிலைக் கடக்கும்போது எச்சில் துப்புவார்.
பாவசங்கீர்த்தன ரகசியம் காப்பதெப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.
நாற்பத்தாறு வருடப் பூசை, காலையில் அவரே சொன்ன கணக்கு,
என் காதுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது.
சூப்பு ஆறிப்போனது.

சாயங்காலம் அறையொலி எடுத்தோம்.
எந்த இடத்திலும் கடைசியில் ஒரு நிமிடம்
ஆளும் அசைவும் இல்லாத அறையைப் பதிந்துகொள்வோம்.
வெறும் மௌனத்தை ஒட்டினால்
கருவி பழுதென்று நினைப்பார்கள் சனங்கள்.
ஒவ்வோர் அறைக்கும் அதன் அமைதி வேறு,
கடன் வாங்க முடியாது.
விளக்குப் பையன் வாயில் ரொட்டியோடு உறைந்தான்,
நடிகன் அங்கிக்குள் விளையாட்டுச் செருப்போடு.

"இப்போது எதை எடுக்கிறாய்?" பெலார்மினோ கிசுகிசுத்தார்.
"ஒன்றுமில்லாததை."
"அது கேட்குமா?"
ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டேன்.

கூரையில் காற்று.
யாருடையதோ வயிறு.
அணையா விளக்கின் எண்ணெயில் ஒரு பூச்சி.
அவர் முகத்தில் ஏதோ மாறியது,
என்னவென்று எனக்குத் தெரியாது,
கேட்டுக்கொண்டிருந்தது அவர், நானில்லை.

"மிமோசா" என்றார் சத்தமாக.
"என் மாடு. பட்டியைச் சாத்தாமல் வந்துவிட்டேன்."
ஹெட்போன் கம்பி இழுபட, அங்கி பறக்க
மூடுபனிக்குள் ஓடினார்.

பதிவு வீண். அவரில்லாமல் மறுபடி எடுத்தோம்.
சுத்தமாக வந்தது. படத்தில் இருப்பது அதுதான்.

மதியத்துப் பதிவை அன்றிரவே அழித்தேன்,
இன்னொரு முறை கேட்காமல்.
மாடு கூப்பிட்ட நிமிடம் மட்டும்
என்னிடம் இருக்கிறது.